வாரியைத் தூக்கும் முன் கத்தியை எடுங்கள்: புல்தரைக் கூளத்தை அகற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீடு கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் ஒரு தாமானின், அதாவது குடியிருப்புப் பேட்டையின், மூலை வீடு. கார்னர் லாட் என்று கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கியதே பக்கவாட்டில் இருக்கும் அந்தத் துண்டுப் புல்தரைக்காகத்தான். சில வருஷங்களுக்கு முன் ஒரு பிப்ரவரியில், புல்லின் மேல் கால் வைத்தால் பஞ்சு மெத்தை மாதிரி அமுங்குகிறதே என்று யூடியூபில் தேடினேன். ஒரு வெள்ளைக்காரர் இரும்பு வாரியால் (ரேக்) கரகரவென்று இழுத்தார். பழுப்புக் குப்பை மலையாகக் குவிந்தது. அடுத்த காட்சியில் பச்சைப் பசேல் என்ற புல்தரை. நானும் இரண்டு நாள் விடாமல் இழுத்தேன். எங்கள் வீட்டில் அந்த அடுத்த காட்சி வரவே இல்லை.

எதிர்வீட்டுப் பெரியவர் எஸ்டேட் தோட்டத்தில் மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக, இருந்தவர். கேட்டோரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்னா தம்பி, கோழி கிளறுன மாதிரி இருக்கு? புல்லு தானா செத்துச்சா, இல்ல நீங்க சாவடிச்சீங்களா?”

நான்தான் சாவடித்தேன். எப்படி என்பதை விவரமாகவே சொல்கிறேன்.

கூளம் என்பது எது

பச்சை இலைக்கும் மண்ணுக்கும் நடுவில், செத்ததும் சாகாததுமான தண்டு, ஓடுகொடி, வேர் எல்லாம் பின்னிக்கிடக்கும் பழுப்பு அடுக்கு ஒன்று உண்டு. ஆங்கிலக் காணொளிகளில் ‘தாட்ச்’ என்பார்கள். வைக்கோல் கூளம் மாதிரி இருப்பதால் நான் கூளம் என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

புல் வெட்டும்போது விழும் துணுக்குகளால்தான் இது சேருகிறது என்று பலர் நினைத்து, ஒவ்வொரு தடவையும் ஈர்க்கு விளக்குமாற்றால் ஒரு துணுக்கு விடாமல் கூட்டி அள்ளுகிறார்கள். வீண் வேலை. இலைத் துணுக்கில் பெரும்பகுதி தண்ணீர்தான். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் சீக்கிரமே மக்கி மண்ணோடு போய்விடும். மக்காமல் அடம்பிடிப்பது தண்டும் வேரும். அவற்றில் லிக்னின் என்ற கட்டைப் பொருள் அதிகம். மக்கும் வேகத்தைவிட அவை வளரும் வேகம் கூடும்போதுதான் கூளம் ஏறுகிறது.

கல்யாண வீட்டில் “ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி” என்று வாழ்த்துகிறோமே, அந்த அறுகுதான் நர்சரியில் பெர்முடா என்று விற்கும் புல். கணுவுக்குக் கணு வேர்விட்டு, மண்ணுக்கு மேலும் கீழும் கொடி ஓடும். மணமக்களுக்கு நல்ல வாழ்த்து. புல்தரைக்காரனுக்கு அதுவேதான் தலைவலி. ஜப்பான் புல், பிலிப்பைன் புல் என்று விற்கும் சோய்சியா வகைகளும் இதே சாதி. அடர்த்தியாக, மெத்தென்று, பார்க்க அழகாக வளரும். அடியில் கூளமும் அதே அளவுக்கு ஏறும்.

கவ் கிராஸ் என்ற அகல இலைப் புல்லின் கதை வேறு. தாமான் வீடுகளிலும் பாடாங்கு மைதானங்களிலும் அதிகம் இருப்பது அதுதான். அதன் கொடிகள் மண்ணின் மேலேயே படுத்து ஓடும். கூளம் அவ்வளவாகச் சேராது. வாரியால் இழுத்தால் உயிருள்ள கொடியே முதலில் கையோடு வரும். என் பக்கவாட்டுத் தரை முழுக்க கவ் கிராஸ். பின்பக்கம் மட்டும் ஜப்பான் புல். இரண்டையும் ஒரே மாதிரி இழுத்தேன்.

வெட்டிப் பார்க்காமல் வாருவது

என் கணக்கில் முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். மற்ற எல்லாத் தவறுக்கும் பரிகாரம் உண்டு. இதைச் செய்தால் மற்றதைச் சரியாகச் செய்தும் பயனில்லை.

பழைய சமையல் கத்தி ஒன்று போதும். புல்தரையில் மூன்று நான்கு இடங்களில், கேக் துண்டு வெட்டுவது போல முக்கோணமாக, எட்டு பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டித் தூக்குங்கள். பக்கவாட்டில் பார்த்தால் மேலே பச்சை, கீழே மண், நடுவே நார் நாராகப் பழுப்பு. அந்தப் பழுப்பை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு, துண்டைத் திரும்பப் பொருத்தி மிதித்துவிட்டால் ஒரு வாரத்தில் தடம் தெரியாது.

ஒரு சென்டிமீட்டரோ அதைவிட ஒரு துளி கூடவோ இருந்தால் வாரியை ஸ்டோருக்கே திருப்பி அனுப்புங்கள். அந்த அளவு கூளம் மண்ணுக்கு ஒரு குடை. வெயில் நேராக அடிக்காமல், ஈரம் ஓடிப்போகாமல் காக்கும். இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டினால்தான் தொல்லை. காய்ந்த கூளம் தண்ணீரை உள்ளே விடாது. ஈரமான கூளத்தில் பூஞ்சையும் பூச்சியும் குடியேறும். புல்லும் மண்ணுக்குள் வேர்விடுவதை விட்டுவிட்டுக் கூளத்துக்குள்ளேயே வேர்விட ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட புல் ஒரு வாரம் மழை இல்லையென்றால் வாடிவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு நான் வெட்டிப் பார்த்தேன். பின்பக்க ஜப்பான் புல்லில் மூன்று சென்டிமீட்டர். பக்கவாட்டில் அரை சென்டிமீட்டர்கூட இல்லை. அங்கே காலுக்கு அமுங்கியது கூளமே அல்ல, மாதக் கணக்கில் உயரமாக விட்டு வெட்டியதால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்த கொடிகள். மெஷின் பிளேடைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வெட்டியிருந்தால் சரியாகப் போயிருக்கும்.

குளிர்நாட்டு நாள்காட்டி

காணொளிகளில் ‘வசந்த காலத்தில் செய்யுங்கள்’, ‘இலையுதிர் காலத்தில் செய்யுங்கள்’ என்பார்கள். அது அவர்களுடைய குளிர்கால உறக்கத்தைக் கணக்கு வைத்துச் சொல்வது. நம் புல் வருஷம் முழுக்க வளர்கிறது. நாம் பார்க்க வேண்டியது மழையை. கோலாலம்பூரில் ஏப்ரலை ஒட்டி ஒரு மழை உச்சம், அக்டோபர் நவம்பரில் இன்னொன்று. ஜனவரி பிப்ரவரியும் ஜூன் ஜூலையும் ஒப்பளவில் வறண்டவை. மழை தொடங்கும் தறுவாயில் வாரினால் புல் சில வாரங்களில் எழுந்துவிடும். மார்ச் கடைசி, அல்லது செப்டம்பர் கடைசி. நான் பிப்ரவரியில் இழுத்தேன். மேலே வெயில், கீழே மொட்டை மண்.

அதற்காக அடைமழைக்கு மறுநாள் இறங்கிவிடாதீர்கள். சொதசொதவென்ற களிமண்ணில் கால் வைத்தால் மண் இறுகும், வாரி இழுத்தால் புல் வேரோடு வரும். எலும்பாகக் காய்ந்திருந்தாலும் வாரியின் பல் கூளத்துக்குள் இறங்காது, தூசிதான் பறக்கும். முந்தின நாள் ஒரு மழை பெய்து, கையில் பிடித்த மண் உருண்டையாகி, விரலால் தட்டினால் உடைய வேண்டும். அந்தப் பதம்தான் கணக்கு.

கருவியும் கையும்

பிளாஸ்டிக் விசிறி வாரி இலை கூட்டத்தான். அதை வைத்துக் கூளம் எடுப்பது சீப்பால் கம்பளியைக் கிழிக்கிற கதை. இதற்கென்றே இருக்கும் வாரியில் பற்கள் பிறைபோல் வளைந்து, தட்டையாக, விளிம்பு கூராக இருக்கும். எல்லா ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்காது, ஆன்லைனில் தேட வேண்டியிருக்கும். தரை சின்னது என்றால் மண் நிரவும் குட்டைப் பல் இரும்பு வாரியே போதும், கொஞ்சம் கூடுதலாக வியர்க்கும். மண்வெட்டியால் புல்லை மேலோடு சீவி எடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அதன் பெயர் கூளம் எடுப்பது அல்ல, தரையைக் கழிப்பது.

வாருவதற்கு முன் புல்லை வழக்கமான உயரத்தில் பாதியாக வெட்டிவிடுங்கள். நீளப் புல்லில் வாரி சிக்கிக்கொண்டே இருக்கும்.

பிறகு கை வேலை. முழு நீளத்துக்கு இழுத்துத் தள்ளாமல், ஒரு முழ நீளத்துக்குக் குட்டைக் குட்டையாக இழுங்கள். பல் மண்ணைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். மண் கீறுகிற சத்தம் கேட்டால் ஆழம் அதிகம். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை பல்லில் சிக்கியதைக் கையில் எடுத்துப் பாருங்கள். காய்ந்த தேங்காய் நார் மாதிரிப் பழுப்பாக, உதிரியாக வந்தால் தொடரலாம். வெள்ளையாக, கணுக்கணுவாக, நுனியில் பச்சை ஒட்டிக்கொண்டு, இழுத்தால் அறுந்து போகாமல் விறைப்பாக வந்தால் அது உயிருள்ள கொடி. ஒன்றிரண்டு வருவது சகஜம். கை நிறைய வந்தால் அன்றைக்கு வாரியைக் கீழே போட்டுவிடுங்கள்.

ஒரு பக்கமாக முடித்த பிறகு, குறுக்காக இன்னொரு சுற்று, இன்னும் இலேசான கையோடு. மூன்று சென்டிமீட்டர் கூளத்தை ஒரே மூச்சில் மண் தெரிய எடுத்துவிடுவது எல்லாரும் விழும் குழி. வேர் பாதி அந்தக் கூளத்துக்குள்தான் இருக்கிறது, அதையும் சேர்த்து எடுத்தால் புல்லுக்குப் பிடிமானம் ஏது? இந்த மழைக்குப் பாதி, அடுத்த மழைக்கு மீதி. கட்டங்கட்டமாகப் பிரித்து ஒரு காலையில் ஒரு பாய் அகலம் செய்தால் முதுகும் தாங்கும்.

கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொள்ளுங்கள், சிலிப்பர் வேண்டாம். கூளத்துக்குள் பூரான் இருக்கும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நம் ஊர் ஈரமண்ணில் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் கிருமி உண்டு, தோலில் இருக்கும் வெட்டுக்காயம் வழியாக ஏறும். சர்க்கரை நோய் உள்ளவர்களை அது மோசமாகத் தாக்கும். நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு எத்தனை?

குவியலை என்ன செய்வது

நினைத்ததைவிட மூன்று மடங்கு குப்பை வரும். கொளுத்திவிடலாம் என்று கை துறுதுறுக்கும். திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடை செய்கிறது. அண்டை வீட்டுக்காரர் கொடியில் துணி காயப்போட்டிருப்பார் என்பது வேறு. வீட்டு முன்னால் இருக்கும் லொங்காங் வடிகாலில் தள்ளுவதும் வேண்டாம், முதல் மழையிலேயே அடைத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கே தண்ணீர் திரும்பும். கோலாலம்பூரில் வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளும் தோட்டக் குப்பையும் என்று எடுக்கிறார்கள். அந்த ஒரு நாளுக்குக் கட்டி வையுங்கள்.

உரக்குழி இருந்தால் போடலாம். கூளம் தனியாக மக்க நாள் எடுக்கும். காய்கறித் தோல், கோழி எரு என்று பச்சைச் சரக்கோடு கலந்து நனைத்து வைக்க வேண்டும். களைக்கொல்லி அடித்த புல் என்றால் அந்த உரத்தைக் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் போடாதீர்கள்.

வாரிய பிறகு நடக்கும் அவசரங்கள்

தரை அலங்கோலமாகத் தெரிந்ததும் மூட்டை மூட்டையாகக் கறுப்பு மண் வாங்கிக் கொட்டி மூடுவது ஒன்று. கூளத்தை எடுக்காமலே மேலே மண் போட்டு மூடுகிறவர்களும் உண்டு. அது சுத்தம் செய்யாமல் பாய் விரிக்கிற கதை. கூளம் உள்ளே ஓர் அடுக்காக மாட்டிக்கொண்டு, தண்ணீர் அங்கேயே தங்கும். மண் தூவுவதானால் இலை நுனி மறையாத அளவுக்கு, அரை சென்டிமீட்டர்.

அதற்குமுன் நாலு பல் ஃபோர்க்கை ஒரு சாண் இடைவெளியில் பத்து சென்டிமீட்டர் இறக்கி, இலேசாக ஆட்டி எடுங்கள். வீடு கட்டும்போது லாரி ஏறி இறுகிய மண்ணுக்கு இது வாருவதைவிடப் பெரிய உபகாரம்.

அடுத்தது உரம். வாரிய அன்றைக்கே யூரியாவை அள்ளி வீசுவார்கள். காயப்பட்ட புல் கருகும். இரண்டு வாரம் பொறுத்து, பச்சை என்பிகே 15:15:15 கலப்பு உரம் கொஞ்சமாகத் தூவித் தண்ணீர் விட்டால் போதும். கூளம் ஏறியதற்கு அளவுக்கு மீறிய தழைச்சத்தும் ஒரு காரணம் என்பதை மறக்க வேண்டாம். தினமும் ஐந்து நிமிஷம் பைப் பிடித்து மேலாக நனைப்பது இன்னொன்று. கண்ட பூச்சிமருந்தை அடித்து மண்புழுவைக் கொல்வது மூன்றாவது. கூளத்தைத் தின்று மண்ணாக்குவதே மண்புழுவும் நுண்ணுயிரும்தான்.

மண்ணில் புளிப்பு ஏறினாலும் அவை சுணங்கிவிடும். நம் மண் பெரும்பாலும் புளித்த மண். தோட்டத்தில் மரத்துக்குப் போடும் டோலமைட் சுண்ணாம்பு நர்சரியில் கிடைக்கும், மண்ணைச் சோதித்துவிட்டுப் போடலாம். வெற்றிலைக்குத் தடவுகிற, சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பைப் போட்டுவிடாதீர்கள், சுட்டுவிடும்.

வழுக்கை விழுந்துவிட்டதா? வாரியில் வந்த கொடிகளைத் தூக்கிப் போடாதீர்கள். கணு இருக்கும் துண்டுகளாக ஒரு விரல் நீளத்துக்குக் கிள்ளி, வழுக்கையில் கீறிய கோட்டுக்குள் படுக்கவைத்து, மேலே மண் தூவிக் குதிகாலால் அழுத்துங்கள். பத்துப் பதினைந்து நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒவ்வொரு கணுவும் வேர்விடும். இதை எதிர்வீட்டுப் பெரியவர்தான் எனக்குச் சொன்னார், கொஞ்சம் தாமதமாக. என் கொடிகள் எல்லாம் ஏழு மூட்டையாகி ஏற்கெனவே குப்பை லாரியில் ஏறிப் போயிருந்தன. நர்சரியில் கவ் கிராஸைத் துண்டு துண்டாக வாங்கி வந்து, ஏப்ரல் மழைக்கு முன் உட்கார்ந்து ஒட்டினேன்.