ஜிப் ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்: கிட் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களிடம் கிட்ஹப் லிங்க் கேட்டுப் பாருங்கள். பல ரெப்போக்களில் (கிட் கவனிக்கும் ப்ராஜெக்ட் ஃபோல்டர்களில்) ஒரே ஒரு கமிட்தான் (மாற்றங்களைச் சேமித்த பதிவு) இருக்கும், அதுவும் ரிவ்யூவுக்கு முந்தைய இரவு ஏற்றியது. அதுவரை கோட் எல்லாம் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’ என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஜிப்பாகச் சுற்றியிருக்கும். "டேய், கடைசி கோட் உன்கிட்டயா இருக்கு?" "இல்ல மச்சி, அவன் லேப்டாப்ல." இந்தப் பேச்சை நிறுத்தத்தான், கோடில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று பதிவு வைக்கும் கிட் இருக்கிறது. அதை வேலை முடிந்தபின் ஒப்படைக்கும் இடமாக நினைப்பதுதான் முதல் தவறு.

கிட் வேறு, கிட்ஹப் வேறு. கிட் என்பது உங்கள் கணினியிலேயே ஓடும் மென்பொருள். லினக்ஸ் கெர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது. கிட்ஹப், கிட் ரெப்போக்களை இணையத்தில் வைத்துப் பகிர 2008-இல் வந்த இணையதளம். கமிட் செய்ய நெட் தேவையில்லை. குடியாத்தம் பஸ்ஸில் சிக்னல் இல்லாதபோதும் செய்யலாம். ஆனால் கமிட் செய்தாலே கிட்ஹப்பில் ஏறிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். புஷ் செய்யும்வரை, அதாவது கிட்ஹப்புக்கு அனுப்பும்வரை, அது உங்கள் லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் போனால் அதுவும் போகும்.

அடுத்த தவறு, எந்த ஃபைல்கள் கமிட்டில் சேர வேண்டும் என்று சொல்லும் ‘கிட் ஆட்’ கட்டளையில் ஃபைல் பெயருக்குப் பதில் ஒரு புள்ளி வைப்பது. அந்தப் புள்ளி ஃபோல்டரில் இருப்பதை எல்லாம் அள்ளிக்கொண்டு போகும். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், ஏபிஐ கீ (வெளிச் சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு) எல்லாம் அதில் சேர்ந்துவிடும். அப்புறம் பதறிப்போய் அந்த ஃபைலை அழித்து இன்னொரு கமிட் போடுகிறார்கள். அதனால் பயனில்லை, பழைய கமிட்டைத் திறந்தால் கீ அப்படியே இருக்கும். பப்ளிக் ரெப்போவில் ஒரு நிமிடம் இருந்தாலும் அது வெளியே போய்விட்டதாகவே கொள்ளுங்கள். முதல் வேலை அந்தக் கீயை ரத்து செய்து புதிது வாங்குவது. ஹிஸ்டரியைச் சுத்தம் செய்வதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மெஷின் லேர்னிங் ப்ராஜெக்ட் செய்பவர்கள் மாட்டுவதும் இதே இடத்தில்தான். 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை கிட்ஹப் ஏற்காது. பெரிய மாடல் ஃபைலை கமிட் செய்துவிட்டு, புஷ் மறுக்கப்பட்டதும் ஃபைலை அழித்து மறுபடி கமிட் செய்வார்கள். அப்போதும் புஷ் போகாது, ஏனென்றால் அந்த ஃபைல் முந்தைய கமிட்டில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கமிட்டையே திருத்தியாக வேண்டும். கிட் கண்டுகொள்ளக் கூடாத ஃபைல்களைப் பட்டியலிடும் கிட்இக்னோர் ஃபைலை ஆரம்பத்திலேயே எழுதிவிட்டால் இந்த வம்பே இல்லை. ஆனால் ஏற்கெனவே கமிட் ஆன ஃபைலின் பெயரைப் பிறகு அதில் சேர்த்தால், கிட் அதைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டேதான் இருக்கும். கமிட்டுக்கு முன், எந்த ஃபைல்கள் மாறின என்று காட்டும் ‘கிட் ஸ்டேட்டஸ்’, எந்த வரிகள் மாறின என்று காட்டும் ‘கிட் டிஃப்’ இரண்டையும் ஒருமுறை பாருங்கள்.

கமிட் மெசேஜில் ‘அப்டேட்’ என்று மட்டும் எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். ஒரு கமிட்டுக்கு ஒரு விஷயம்.

இரண்டு பேரின் மாற்றங்களை ஒன்றாக்கும்போது (மெர்ஜ்) அவை மோதினால், அதாவது மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வந்தால்தான் எல்லோருக்கும் கை நடுங்குகிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வேலூர் புதிய பஸ் நிலையத்திலிருந்து எந்த ஊருக்கு எப்போது பஸ் என்று காட்டும் ஒரு ஆப். ஊர்ப் பட்டியலில் ஒரு வரி: ‘வாலாஜா, வேலூர் மாவட்டம்’. பயணிகளுக்கு முழுப் பெயர் தெரியட்டும் என்று ஒருவர் ‘வாலாஜாபேட்டை, வேலூர் மாவட்டம்’ என்று திருத்துகிறார். 2019-இல் மாவட்டம் பிரிந்தது நினைவுக்கு வந்து, இன்னொருவர் தன் பிராஞ்சில் (தனியாகப் பிரித்து வேலை செய்யும் கிளையில்) ‘வாலாஜா, ராணிப்பேட்டை மாவட்டம்’ என்று மாற்றுகிறார். இரண்டையும் மெர்ஜ் செய்தால் கிட் நின்றுவிடும். ஏழு ‘<’ குறி, ஒருவர் வரி, ஏழு ‘=’ குறி, மற்றவர் வரி, ஏழு ‘>’ குறி. இது எரர் இல்லை. "ஒரே வரியை இரண்டு பேர் தொட்டிருக்கிறீர்கள், எது வேண்டும்?" என்று கேட்கிறது, அவ்வளவுதான்.

விஎஸ் கோட் எடிட்டர் காட்டும் பட்டன்களில் ‘கரன்ட்’ அமுக்கினால் ஒருவர் வேலை போகும், ‘இன்கமிங்’ அமுக்கினால் மற்றவர் வேலை போகும். ‘போத்’ அமுக்கினால் பட்டியலில் ஒரே ஊர் இரண்டு முறை வரும். சரியான விடை ‘வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை மாவட்டம்’. அது இரண்டு பக்கத்திலும் இல்லை. கையால்தான் எழுத வேண்டும், எழுதும் முன் அந்த நண்பருக்கு ஒரு போன் போட வேண்டும். குழப்பமாக இருந்தால் ‘கிட் மெர்ஜ் --அபார்ட்’ கொடுங்கள், மெர்ஜுக்கு முந்தைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஃபோல்டரையே அழித்துவிட்டு கிட்ஹப்பிலிருந்து மறுபடி குளோன் செய்யாதீர்கள், புஷ் ஆகாத வேலையும் சேர்ந்து போய்விடும்.

கான்ஃப்ளிக்ட் வராவிட்டால் எல்லாம் சரி என்றும் அர்த்தமில்லை. ஒருவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றுகிறார், இன்னொருவர் வேறு ஃபைலில் பழைய பெயரிலேயே அதைக் கூப்பிடுகிறார். கிட் அமைதியாக மெர்ஜ் செய்துவிடும், ஆப் ஓடாது. மெர்ஜ் முடிந்ததும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரு பிராஞ்சை மூன்று வாரம் தனியாக வைத்திருந்தால் இந்தத் தொல்லை பல மடங்காகும். முடிந்தவரை தினமும் மெயின் என்ற முதன்மை பிராஞ்சில் வந்த மாற்றங்களை உங்கள் பிராஞ்சுக்குள் இழுத்துக்கொள்ளுங்கள்.

புஷ் மறுக்கப்பட்டால் யாரோ சொன்னார்கள் என்று, மறுப்பை மீறிக் கட்டாயமாக ஏற்றும் ‘ஃபோர்ஸ்’ போடுவது மிக மோசமான பழக்கம். பெரும்பாலும் உங்களுக்கு முன் நண்பர் ஒருவர் புஷ் செய்திருப்பார், அதனால்தான் மறுப்பு. ஃபோர்ஸ் போட்டால் அவருடைய கமிட்டுகள் அந்தப் பிராஞ்சிலிருந்து காணாமல் போகும். முதலில் ‘புல்’ செய்து அவர் மாற்றங்களை எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு புஷ். எல்லோரும் பயன்படுத்தும் பிராஞ்சில் தவறான கமிட்டை நீக்க வேண்டுமானால் ஹிஸ்டரியையே பின்னுக்கு நகர்த்தும் ‘ரீசெட்’ வேண்டாம், அந்த மாற்றத்தைப் புதிய கமிட்டால் ரத்து செய்யும் ‘ரிவெர்ட்’ செய்யுங்கள். உங்கள் லேப்டாப்பில் கமிட் ஆன வேலை தொலைந்தால் ‘கிட் ரெஃப்லாக்’கில் தேடி எடுக்கலாம். கமிட்டே ஆகாததை அது மீட்டுத் தராது.

கல்லூரி லேப் கணினியில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கிட்டில் முன்பு யாரோ வைத்த பெயரும் மெயிலும் அப்படியே இருந்தால், நீங்கள் எழுதிய கோட் அவர் பெயரில் பதிவாகும். ‘கிட் கான்ஃபிக்’கில் முதலில் உங்கள் பெயரை வையுங்கள். புஷ் செய்ய கிட்ஹப் 2021 ஆகஸ்ட் முதல் பாஸ்வேர்டை ஏற்பதில்லை. அதற்குப் பதில் கிட்ஹப் தரும் டோக்கனோ, உங்கள் கணினியில் உருவாக்கும் எஸ்எஸ்ஹெச் கீயோ வேண்டும். எழுந்து போகும்முன் அந்த டோக்கனை விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரிலிருந்து அழித்துவிடுங்கள்.

டீமில் கிட் தெரிந்த ஒருவரிடமே எல்லாவற்றையும் தள்ளாதீர்கள். அவர் ஊருக்குப் போனால் வேலை நிற்கும், இன்டர்வியூவில் கேட்டால் மற்றவர்களுக்குப் பதில் வராது. ப்ராஜெக்ட் தொடங்கும் முன் ஒரு சோதனை ரெப்போ திறந்து, இரண்டு இரண்டு பேராக வேண்டுமென்றே ஒரே வரியை மாற்றி, கான்ஃப்ளிக்ட் வரவழைத்துத் தீர்த்துப் பாருங்கள். அரை மணி நேரம் போதும்.