யூத மக்களுக்காக ஜெபிக்கிறீர்களா? இந்தப் பிழைகளைத் தவிருங்கள்

"எருசலேமின் சமாதானத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்ற 122ஆம் சங்கீத வசனம் நம் சபைகளில் பலருக்கு மனப்பாடம். அதே வசனத்தின் பின்பாதியான "உன்னை நேசிக்கிறவர்கள் சுகித்திருப்பார்களாக" என்பதில்தான் முதல் பிழை தொடங்குகிறது. ஆதியாகமம் 12:3ஐயும் சேர்த்துக்கொண்டு, 'இஸ்ரவேலை ஆசீர்வதித்தால் நம் வீட்டுக்கு ஆசீர்வாதம்' என்று கணக்குப் போட்டு ஜெபிக்கிறோம். அங்கே யூதர் நம் பலனுக்கு ஒரு வழி, அவ்வளவுதான். சங்கீதக்காரர் 8ஆம் வசனத்தில் தன் காரணத்தைச் சொல்லிவிடுகிறார்: "என் சகோதரர் என் சிநேகிதர்நிமித்தம்."

அடுத்தது, இஸ்ரவேலர் இரட்சிக்கப்பட வேண்டும் என்று பவுல் விண்ணப்பிக்கும் ரோமர் 10:1ஐ மட்டும் பிய்த்தெடுத்து ஜெபிப்பது. அப்படிச் செய்தால் 'நமக்குக் கிடைத்துவிட்டது, அவர்களுக்குக் கிடைக்கவில்லை' என்ற தொனி தானாகவே வந்துவிடும். முதலில் 9:1-5, பிறகு 10:1, கடைசியாக 11:17-29 என்று இந்த வரிசையில் சத்தமாக வாசியுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. 9:4ல் உடன்படிக்கைகளும் வாக்குத்தத்தங்களும் "அவர்களுடையவைகளே" என்கிறார் பவுல்; 'அவர்களுடையவைகளாயிருந்தன' என்று சொல்லவில்லை. 11:18ல், இஸ்ரவேலாகிய ஒலிவமரத்தில் ஒட்டவைக்கப்பட்ட காட்டொலிவக் கிளையாகிய நம்மைப் பார்த்து, வேர்தான் உன்னைச் சுமக்கிறது என்று எச்சரிக்கிறார். இதை வாசித்த வாய்க்கு மேட்டிமையாக ஜெபிக்க வராது.

அதிகச் சேதம் விளைவது பெரிய வெள்ளியன்று. 'யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள்' என்று பிரசங்கத்தில் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறோம். சிலுவை ரோமர் கொடுத்த தண்டனை, தீர்ப்பளித்தவன் பிலாத்து. யோவான் சுவிசேஷத்தில் 'யூதர்' என்ற சொல் பல இடங்களில் எருசலேமின் அதிகாரத் தலைவர்களையே குறிக்கிறது. 9:22ல் பார்வை பெற்றவனின் பெற்றோர் யூதருக்குப் பயந்தார்கள் என்று வாசிக்கிறோம். அந்தப் பெற்றோரும் யூதரே! ஆகவே 'பிரதான ஆசாரியரும் பிலாத்துவும்' என்று பெயரிட்டே சொல்லுங்கள். ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் இந்த வாரத்துப் பிரசங்கங்களைக் கேட்டு எழுந்தவர்கள் யூதர் வீடுகளைத் தாக்கியிருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரை இழிவாகக் காட்டிய சொல்லை 1959ல் நீக்கியது. இயேசுவின் பாடுகளுக்காக யூதர் எல்லோர்மீதும் பழி சுமத்தக் கூடாது என்று 1965ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. யூதருக்கு எதிராக லூத்தர் 1543ல் எழுதிய கொடிய வார்த்தைகளை அமெரிக்காவின் சுவிசேஷ லூத்தரன் சபை 1994ல் வெளிப்படையாக நிராகரித்தது. தரங்கம்பாடி வழிவந்த நம் லூத்தரன் சபையார் இதை அறிந்திருப்பது நல்லது.

'பரிசேயன்' என்பதை மாய்மாலக்காரன் என்ற வசவாக்குவதும் இதே வகைதான். தன்னைப் பரிசேயன் என்று அப்போஸ்தலர் 23:6ல் பவுலே சொல்லிக்கொள்கிறார். இன்றைய யூத மதபோதகர்களான ரபிகளின் மரபும் பரிசேயரிடமிருந்து வளர்ந்ததே.

'யூதர்கள் மகா புத்திசாலிகள், பணத்தில் கெட்டிக்காரர்கள்' என்ற புகழ்ச்சியையும் விட்டுவிடுங்கள். அவர்களைக் கொள்ளையடித்தவர்களும் இதே படத்தைத்தான் காட்டினார்கள். யூதர் எல்லோரும் இஸ்ரேல் நாட்டவர் அல்லர். அந்நாட்டுக் குடிமக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அரபியர். சமாதானத்துக்காக ஜெபிக்கும்போது பெத்லகேமிலும் காசாவிலும் இருக்கும் கிறிஸ்தவர்களையும் அவர்களின் அயலாரையும் விட்டுவிட்டால் அந்த ஜெபம் பாதியில் நிற்கும்.

யூதரின் தாலித் சால்வையைப் போர்த்தி ஆராதிப்பதும், பஸ்கா விருந்தை நடித்துக் காட்டுவதும் அன்பு என்று நினைக்கிறோம். இன்றைய பஸ்கா விருந்துமுறை கி.பி. 70ல் ஆலயம் அழிந்தபின் உருவானது. இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை அப்படியே மீட்டெடுப்பதாக எண்ணினால் தவறு. ஒரு யூதக் குடும்பம் அழைத்தால் விருந்தினராகப் போய் அமருங்கள். சுவிசேஷம் சொல்வதுதான் நோக்கம் என்றால் அதை மறைத்துக்கொண்டு நட்பு பாராட்ட வேண்டாம். கட்டாய ஞானஸ்நானங்களின் நினைவு அவர்களிடம் இன்னும் ஆறவில்லை.

ஜனவரி 27, நாசிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாம் 1945ல் விடுவிக்கப்பட்ட நாள். அன்று ஜெபிப்பவர்கள் நாசிகள் கொன்ற அறுபது லட்சம் யூதரின் சாவுக்குத் தேவதிட்டம் என்று விளக்கம் சொல்லத் துணியாதிருங்கள்; யோபுவின் சிநேகிதர் செய்த பிழை அது. இக்கட்டு நேரத்தில் யூதர் சொல்லும் 130ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசித்துவிட்டு, சற்று நேரம் மௌனமாக இருங்கள்.