சைக்கிள் தெளிவாக, பின்னணி கோடுகளாக

ஓடும் சைக்கிளை 1/1000 வினாடியில் படம் எடுத்தால் சக்கரக் கம்பிகள்கூட எண்ணும்படி நின்றுபோய், வண்டியை நிறுத்திவைத்து எடுத்த மாதிரிதான் இருக்கும். வேகம் தெரிய வேண்டுமானால் ஷட்டரை மெதுவாக்க வேண்டும், அதாவது ஒளியை உள்ளே விடும் அந்தக் கதவு கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும்.

கேமராவில் எஸ் (S) அல்லது டிவி (Tv) என்று குறித்திருக்கும், ஷட்டர் நேரத்தை நாமே வைக்கும் முறைக்குப் போய் 1/30 வினாடி வையுங்கள், ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100. கை பழகும்வரை 1/60 போதும். பின்னணியில் விழும் கோடுகள் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

அப்புறம் எல்லாம் உடம்பில்தான் இருக்கிறது. சைக்கிள் உங்களைக் குறுக்காகக் கடக்கும் இடத்தைப் பார்த்தபடி காலை ஊன்றி நின்று, முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்து, இடுப்பை மட்டும் திருப்புங்கள். வண்டி தூரத்தில் வரும்போதே ஓட்டுபவரின் முகத்தை ஃபிரேமில் ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு கூடவே திரும்பி, நேர் எதிரே வந்ததும் வரிசையாக நாலைந்து தட்டுங்கள். தட்டியவுடன் கையை நிறுத்திவிடாதீர்கள்! பாதிப் படங்கள் கெடுவது அங்கேதான்.

பின்னால் வெறும் வானம் இருந்தால் கோடே விழாது. மரங்களோ வண்ணச் சுவரோ இருக்கட்டும். உச்சி வெயிலில் 1/30 வைத்தால் படம் வெளுத்துவிடும். காலை, மாலை வெளிச்சம்தான் இதற்குச் சரி, இல்லையென்றால் லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடியான என்டி ஃபில்டர் மாட்ட வேண்டும். போனில் ஷட்டரை நாமே மாற்றும் புரோ மோட் இருந்தால் அதிலும் முயலலாம். ஆனால் பெரும்பாலான போன்களில் அபர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவை, மாற்ற முடியாது என்பதால் வெளிச்சம் இன்னும் குறைவாக இருக்க வேண்டும்.

முகம் தெளிவாக இருந்து கால்கள் மட்டும் கலங்கியிருந்தால் அழித்துவிடாதீர்கள். பெடல் மிதிக்கும் கால் அப்படித்தான் வரும்.