ஜீவனாம்ச உத்தரவு தானாக மாறாது

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் குடும்பநல நீதிமன்றத்தின் வராந்தாவில் சற்று நேரம் நின்றால் ஒரே பேச்சு திரும்பத் திரும்பக் காதில் விழும்: “நாங்கள்தான் பேசி முடித்துக்கொண்டோமே!” அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும்.

அம்பத்தூரில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இந்து திருமணச் சட்டம் 25ஆம் பிரிவின்கீழ் முன்னாள் மனைவிக்கு ஜீவனாம்சமாக மாதம் 12,000 ரூபாய் தர வேண்டும் என்று உத்தரவு. வேலை போய்விடுகிறது. அந்த அம்மாவிடம் போனில் நிலைமையைச் சொல்கிறார். அவரும் மனமிரங்கி, “இப்போதைக்கு ஆறாயிரம் கொடுங்கள், போதும்” என்கிறார். இரண்டு ஆண்டு கழித்து மகளின் படிப்புச் செலவு நெருக்க, அந்த அம்மா உத்தரவை அமல்படுத்தக் கோரி நிறைவேற்று மனு போடுகிறார். பாக்கி 1,44,000 ரூபாய். அவர்மீது குற்றமில்லை. காகிதத்தில் இருப்பது 12,000தான்.

நீதிமன்றம் போட்ட உத்தரவை நீதிமன்றம்தான் மாற்ற முடியும். சூழ்நிலை மாறினால் தொகையைக் கூட்டவும் குறைக்கவும் ரத்து செய்யவும் 25(2) பிரிவு வழி தருகிறது. மனைவி, பிள்ளைகள், பெற்றோர் பராமரிப்புத் தொகை கேட்க வழிசெய்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆம் பிரிவு இப்போது அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகிவிட்டது. அதன்கீழ் வந்த உத்தரவென்றால் மாற்றம் கேட்க வேண்டியது 146ஆம் பிரிவில். வேலை போன வாரமே பணிநீக்கக் கடிதத்தையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். மனு போடாமல் கடக்கும் ஒவ்வொரு மாதமும் பழைய தொகையே ஏறிக்கொண்டிருக்கும்.

கூட்டிக் கேட்கலாம் என்பதைப் பெண்கள் பலர் மறந்தே போகிறார்கள். என்றோ நிர்ணயித்த தொகையை வைத்துக்கொண்டு இன்றைய வாடகைக்குத் திண்டாடுகிறார்கள். 2025இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் மாதம் 20,000 ரூபாயை 50,000 ஆக்கி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் கூட்டவும் உத்தரவிட்டது. அந்தத் தொகை எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் இப்படிப்பட்ட உயர்வை முதல் உத்தரவிலேயே எழுதிவைக்கச் சொல்லிக் கேட்பது புத்திசாலித்தனம்.

பணத்தைக் கையில் கொடுப்பது அடுத்த தவறு. மாமா மூலம் கொடுத்தேன், கோயில் வாசலில் வைத்துக் கொடுத்தேன் என்பதெல்லாம் விசாரணையில் நிற்காது. பாஸ்புக்கில் மாதாமாதம் விழும் ஒரு வரிக்கு இருக்கும் பலம் பத்துப் பேர் சாட்சிக்கும் இல்லை.

வாங்க வேண்டியவர் பொறுத்துப் பொறுத்துப் பார்ப்பதிலும் ஆபத்து உண்டு. 144ஆம் பிரிவின்கீழ் பாக்கியை வசூலிக்க வாரண்ட் கேட்பதென்றால் பணம் தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பணம் கட்டாதவரை நீதிமன்றம் சிறைக்கு அனுப்பலாம் என்பதால், “ஒரு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தால் கணக்குத் தீர்ந்தது” என்று சிலர் சவடால் பேசுகிறார்கள். தீராது. சிறை என்பது பணத்தைக் கட்டவைக்கும் வழியே தவிர, கடனைக் கழிக்கும் வழி அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது.

வருமானத்தை மறைப்பதும் வேண்டாம். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2020ஆம் ஆண்டு தீர்ப்பு வந்த பிறகு இரு தரப்பும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். மனைவி படித்தவர் என்பதற்காகவே ஜீவனாம்சம் கிடையாது என்பதும் தவறான எண்ணம். சம்பாதிக்கும் தகுதி வேறு, சம்பாதிப்பது வேறு. வருமானமில்லாத கணவரும் இந்து திருமணச் சட்டத்தின்கீழ் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஜீவனாம்சம் வாங்குபவர் மறுமணம் செய்துகொண்டால் உத்தரவை ரத்து செய்யக் கேட்கலாம். அப்போதும் மனு போட்டுத்தான் கேட்க வேண்டும். கொடுப்பவர் மறுமணம் செய்துகொண்டதால் மட்டும் அவர் பொறுப்பு நீங்கிவிடாது.

பரஸ்பர சம்மத விவாகரத்தில், சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற சோர்வில், படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். மொத்தத் தொகையை முழுத் தீர்வாக வாங்கிக்கொண்டால் பிறகு கூட்டிக் கேட்பது மிகக் கடினம். பிள்ளைகளின் பராமரிப்பு உரிமையோ தனி. அதைத் தாய் எழுதிக் கொடுத்துவிட முடியாது. ஒப்பந்தத்தை ஒரு நாளாவது வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படியுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம்.