சார்பின் ஆட்சியும் வீச்சும்: புள்ளி பறிபோகும் இடங்கள்

சார்பு ஒன்றில் x இற்குக் கொடுக்கக்கூடிய பெறுமானங்கள் எல்லாம் சேர்ந்தது ஆட்சி. அவற்றுக்கு வரும் விடைகள் சேர்ந்தது வீச்சு. ஓர் உள்ளீட்டுக்கு ஒரே வெளியீடுதான். இரண்டு உள்ளீடுகளுக்கு ஒரே விடை வந்தால் குற்றமில்லை.

கடல்மட்டத்தில் 28 பாகை செல்சியஸ், 1000 மீற்றர் ஏறினால் 6.5 பாகை குறையும் என எடுத்துக்கொள்வோம்.

வெப்பநிலை = 28 − 0.0065 × உயரம்

நுவரெலியாவின் 1868 மீற்றரைப் பிரதியிட்டால் 15.9 பாகை வரும். வெறும் கோவையாகப் பார்த்தால் உயரத்துக்கு எந்த மெய்யெண்ணையும் போடலாம். ஆனால் கேள்வி இலங்கையின் கடல்மட்டத்துக்கு மேற்பட்ட நிலத்தைப் பற்றியது என்றால், பிதுருதலாகலையின் 2524 மீற்றருக்கு மேல் ஏற இடமேது? ஆட்சி 0 முதல் 2524 வரை. உயரம் கூடக் கூட விடை குறைவதால் சிறிய விடை பெரிய உள்ளீட்டிலிருந்தே வருகிறது: வீச்சு 11.6 முதல் 28 வரை. உள்ளீட்டின் வரிசையிலேயே எழுதி 28 ≤ வெப்பநிலை ≤ 11.6 என்று முடித்தால் விடை பிழை.

ஆட்சியைத் தேடும்போது முதலில் இரண்டைப் பாருங்கள்: பின்னத்தின் பகுதி (கோட்டுக்குக் கீழே உள்ளது) பூச்சியமாகிறதா, வர்க்கமூலத்தின் உள்ளே மறை எண் வருகிறதா. √(6 − 2x) இல் 6 − 2x ≥ 0 ஆக வேண்டும். −2x ≥ −6 என்று வந்ததும் −2 ஆல் வகுக்கையில் குறி திரும்பும்; x ≤ 3. சந்தேகமா? x = 5 ஐப் போட்டுப் பாருங்கள், உள்ளே −4 நிற்கும்.

(x² − 9)/(x − 3) இன்னும் பொல்லாதது. சுருக்கினால் x + 3, பார்க்க அப்பாவியாக இருக்கும். சுருக்குவதற்கு முன்பே x ≠ 3 என எழுதிவிடுங்கள். வீச்சிலும் 6 இராது; வரைபில் (3, 6) இல் திறந்த வட்டம் போட வேண்டும்.

வீச்சில் அதிகம் சறுக்குவது இருபடிச் சார்பில்தான். y = (x − 2)² − 5, ஆட்சி −1 ≤ x ≤ 5 என்க. இரு முனைகளையும் மட்டும் பிரதியிட்டால் இரண்டிலும் 4 தான் வரும். அதற்காக வீச்சு 4 மட்டுமா? திரும்பற் புள்ளி, அதாவது வரைபு இறங்கி மீண்டும் ஏறத் தொடங்கும் இடம், x = 2 இல் ஆட்சிக்குள் இருப்பதால் இழிவுப் பெறுமானம் −5; வீச்சு −5 ≤ y ≤ 4. இதே சார்புக்கு ஆட்சி 3 ≤ x ≤ 5 என்றால் திரும்பற் புள்ளி வெளியே போய்விடும். அப்போது முனைகளே போதும்: −4 ≤ y ≤ 4.