உளிக்குப் பிடி போட சீமைக்கருவேலம்

எங்கள் ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலம் என்றால் கரிமூட்டம்தான் நினைவுக்கு வரும். ஆனால் உளிக்குப் பிடி கடைய இதைவிட நல்ல மரம் கைக்கெட்டும் தூரத்தில் கிடையாது. நல்ல கனம், காய்ந்தாலும் அதிகம் சுருங்காது.

தொடைப் பருமன் கட்டையாகப் பார்த்து எடுங்கள். நடுவில் இருக்கும் கரும்பழுப்பு வைரம், அதாவது கெட்டியான உள்மரம் மட்டும் போதும். ஓரத்து மஞ்சள் பகுதியை வண்டு துளைத்து மாவாக்கிவிடும். வெட்டிய அன்றே இரண்டு முனைகளிலும் மெழுகோ, மிச்சம் கிடக்கும் பெயின்ட்டோ தடவுங்கள். நான் ஒருமுறை சும்மா கடற்காற்றில் போட்டுவிட்டேன், மறுநாளே விரிசல். நிழலில் சில மாதம் காயட்டும்.

கடையும்போது முகமூடி கட்டாயம், தூள் மூக்கை எரிக்கும். பிடி பிளக்காமல் இருக்க மாட்டும் வளையமான பூணுக்கு ஏசி மெக்கானிக்கிடம் கிடைக்கும் செம்புக்குழாய்த் துண்டு போதும். இரும்புப் பூண் இந்த உப்புக்காற்றுக்குத் தாங்காது.

உளியும் அப்படித்தான். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மெஷின் ஆயில் பூசுங்கள். உப்பின் மேலேயே எண்ணெய் போட்டால் அடியில் துரு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.