ஒரு ஊர், ஒரு மைதானம், இரண்டு கழகம்: சனத்தை விட்டுவிட்டு ஆண்டைப் பிரியுங்கள்

ஊரில் ஓர் உதைபந்தாட்டக் கழகம், ஒரு துடுப்பாட்டக் கழகம். மைதானம் ஒன்றுதான். ஞாயிறு பின்னேரமும் ஒன்றுதான். காசு தரக்கூடிய கடைக்காரரும் அதே ஐந்தாறு பேர். யாழ்ப்பாணத்தில் இப்படி இல்லாத ஊர் குறைவு. சனம் வருகுதில்லை என்று ஒரு கழகம் மற்றதைக் குறை சொல்லும். மற்றதும் அதையே சொல்லும். இரண்டுக்கும் கைதட்டுவது பெரும்பாலும் ஒரே சனம். ஒரே நாளில் இரண்டு இடத்தில் நிற்க அவர்களால் முடியாது, அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் வடபகுதிக்கு இந்தப் பிரச்சினை நூறாண்டுக்கு மேல் பழசு. வேலைநாளை விட்டு விளையாட வந்த தொழிலாளிக்கு அந்த நாள் கூலியை ஈடு செய்யலாமா என்ற தகராறில், 1895இல் ஹடர்ஸ்பீல்ட் நகரில் கூடிய றக்பிக் கழகங்கள் பிரிந்துபோய்த் தொடங்கியதுதான் றக்பி லீக் என்ற தனி ஆட்டம். அந்தப் பக்கத்து நகரங்களில் உதைபந்தாட்டமும் றக்பி லீக்கும் ஒரே குளிர்காலத்தில் ஒரே சனத்துக்காக இழுபட்டன. 1996இல் றக்பி லீக்கின் மேல்மட்டப் போட்டிகளைக் கோடைக்கு மாற்றினார்கள். பருவத்தின் இரண்டு நுனியிலும் கொஞ்சம் முட்டினாலும் நடுப்பகுதி விலகிக்கொண்டது. விகன் நகரில் 1999 முதல் இரண்டு கழகமும் ஒரே அரங்கில் விளையாடுகின்றன. 2013இல் அந்த ஊரின் உதைபந்தாட்ட அணி மே மாதம் லண்டனின் வெம்பிளி அரங்கில் எப்.ஏ. கிண்ணத்தை வென்றது. றக்பி அணி ஓகஸ்டில் அதே வெம்பிளியில் றக்பி லீக்கின் சலன்ஜ் கிண்ணத்தை வென்றது. நடுவில் மூன்று மாதம். ஒரே ஆள் இரண்டுக்கும் ரெயில் ஏறிப் போயிருக்கலாம்.

நாங்களும் அந்த வேலையைத்தான் செய்ய வேண்டும். சனத்தைப் பங்குபோடப் போனால் சண்டைதான் மிஞ்சும்.

முதலில் யார் யாருடைய சனம் என்று பாருங்கள்

இங்கே உதைபந்தாட்ட ஆதரவு ஊரோடும் கரையோடும் ஒட்டினது. நாவாந்துறை சென். மேரிஸ், குருநகர் பாடும்மீன், இளவாலை யங் ஹென்றிஸ் என்று கழகத்தின் பெயரைச் சொன்னாலே ஊரும் கூட வரும். துடுப்பாட்ட ஆதரவு பள்ளிக்கூடத்தோடு ஒட்டினது. மார்ச்சில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் வடக்கின் பெரும் சமருக்கு வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும் பழைய மாணவனுக்குத் தன் ஊர்க் கழகத்தின் பெயர் தெரியாமலும் இருக்கலாம். ஆகவே உதைபந்துக்காரர் வீடுவீடாகப் போய்ச் சொல்வது பலிக்கும். துடுப்பாட்டக்காரர் பழைய மாணவர் குழுக்களில் சொல்வதுதான் பலிக்கும். இரண்டு பேரும் ஒரே நோட்டீசை ஒரே மதிலில் ஒட்டி, ஒன்றின்மேல் ஒன்று பசை பூசுவது வீண்வேலை.

ஆண்டுத் தாள்

டிசம்பர் மழையில் மைதானம் சும்மா கிடக்கும்போது கூடுங்கள். ஒவ்வொரு கழகத்திலும் இரண்டு பேர், சனசமூக நிலையத்தில் ஒருவர், பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர் ஒருவர், கோயில் அல்லது தேவாலயத்தின் நாட்கள் தெரிந்த ஒருவர். ஏழு பேருக்கு மேல் வேண்டாம். பெரிய தாளில் 52 கட்டம் கீறுங்கள்.

விளையாட முடியாததை முதலில் சிவப்பால் வெட்டுங்கள். ஒக்டோபர் நடுப்பகுதி முதல் டிசம்பர் வரை மழை. வெள்ளம் நிற்கும் புல்லில் ஒரு மட்ச் விளையாடினாலே கோல் வாசல் சேறாகி, காய்ந்ததும் கல்லாகிவிடும். பெரும் சமர் நடக்கும் மூன்று நாள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாள். அந்த நாட்களில் பின்னேரச் சனம் நல்லூர் வீதியில்தான் நிற்கும், இறுதிப்போட்டி வைத்தால் நடுவரும் நீங்களும்தான். பிறகு உங்கள் ஊர்க் கோயிலின் கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை, தேவாலயப் பெருநாள், சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகள்.

மிஞ்சினதைத்தான் பிரிக்க வேண்டும். இந்த ஞாயிறு உனக்கு, அடுத்த ஞாயிறு எனக்கு என்று ஒருபோதும் பிரிக்காதீர்கள். கேட்க நியாயமாக இருக்கும், மூன்றாம் கிழமையே உடையும். மழையால் ஒரு மட்ச் தள்ளிப்போனால் முழு வரிசையும் குழம்பும் என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் மைதானத்தின் நடுவில் கிடக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன். மாதக்கணக்கில் துண்டாகப் பிரியுங்கள். தை நடுப்பகுதி முதல் சித்திரைப் புத்தாண்டு வரை துடுப்பாட்டம். பள்ளிக்கூடப் பருவமும் அதுதான் என்பதால் ஆர்வம் தானாகவே இருக்கும். இரண்டு கிழமை மாற்று வேலைக்கு. மே முதல் ஒக்டோபர் தொடக்கம் வரை உதைபந்து, நடுவில் திருவிழாக்களுக்கு இடைவெளி. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் இரண்டு கிழமையை வெறுமையாக விடுங்கள். தள்ளிப்போன மட்ச்கள் அங்கே போகட்டும். அந்த வெறுங்கட்டம் இல்லாத தாளில், “ஒரேயொரு அரையிறுதிதான் அண்ணை” என்று அடுத்தவரின் காலத்துக்குள் கால் வைப்பார்கள். தாள் கிழிவது அங்கேதான்.

உதைபந்துக்காரர் முணுமுணுப்பார்கள், அதில் நியாயமும் உண்டு. தையிலும் மாசியிலும்தான் புல் பச்சையாக, நிலம் மெதுமையாக இருக்கும். அவர்களுக்கு வருவதோ சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் காய்ந்த நிலம். அந்த மாதங்களில், துடுப்பாட்ட ஆடுகளத்துக்கு அப்பால் உள்ள பாதியில், 45 மீற்றருக்கு 30 மீற்றர் அளவில், வாரத்தில் இரண்டு பின்னேரம் சிறு அணிப் பயிற்சிக்கு விட்டுக்கொடுங்கள். மட்ச் இல்லை, பயிற்சி மட்டும்.

நடுவில் கிடக்கும் சீமெந்து

எங்கள் மைதானங்களில் துடுப்பாட்ட ஆடுகளம் பெரும்பாலும் சீமெந்துத் தளம், மேலே கயிற்றுப் பாய். விக்கெற்றுக்கு விக்கெற் 20.12 மீற்றர். பாயைச் சுருட்டி எடுத்துவிட்டு அப்படியே உதைபந்து விளையாடுகிறார்கள். ஓடிவரும் பெடியன் புல்லில் ஊன்றின பூட்சை அடுத்த அடியில் சீமெந்தில் ஊன்றுவான். பூட்சின் அடிக்கட்டைகள் பிடிக்காது, முழங்கால் திரும்பும். மேலே கொஞ்சம் மணல் தூவினால் சரி என்று நினைப்பது இன்னும் மோசம். ஒரு சென்ரிமீற்றர் மணல் சீமெந்தின்மேல் உருளைக் குண்டு மாதிரி வேலை செய்யும்.

செய்ய வேண்டியது செம்மண் மூடல். இறுகிய பிறகு 6 சென்ரிமீற்றர் தடிப்பு வேண்டும். 22 மீற்றர் நீளமும் 2.4 மீற்றர் அகலமும் உள்ள தளத்துக்கு, நாலு பக்கமும் ஒரு மீற்றர் தூரத்துக்குச் சரிவாக இறக்குவதையும் சேர்த்தால், இறுகிய அளவில் ஏறத்தாழ 165 கன அடி. கொட்டும்போது மண் பொருமி இருக்கும் என்பதால் இரண்டு கியூப், அதாவது 200 கன அடி, எடுங்கள். உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் நல்லது, கல் அரித்து எடுக்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு படையாகப் போட்டு, ஒவ்வொரு படைக்கும் தண்ணீர் தெளித்து, ஓரிரவு விட்டு, காலையில் உருளை ஓட்டுங்கள். உருளையில் மண் ஒட்டினால் ஈரம் கூட. தூசி கிளம்பினால் ஈரம் காணாது. சரிவை மறந்தால் தளத்தின் விளிம்பு ஒரு படி மாதிரி நிற்கும், கால் தடுக்கும்.

இந்த வேலைக்கு இரண்டு மூன்று நாளும் பத்துப் பேரும் வேண்டும். கிழமைக்குக் கிழமை மூடித் திறக்க ஒருவராலும் முடியாது. துண்டாகப் பிரியுங்கள் என்று மேலே சொன்னதன் இரண்டாவது காரணம் இதுதான். மண்ணை எடுத்த பிறகு வெளியே எறியாமல் மைதான மூலையில் குவித்துத் தறப்பாளால் மூடி வையுங்கள். அடுத்த ஆண்டு அரைக் கியூப் சேர்த்தால் போதும்.

கோல் கம்பங்கள் நிலத்தில் புதைத்த குழாய்க்குள் இறக்கி எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். நிரந்தரமாக நட்டால் எல்லைக்கோட்டில் பந்து துரத்துபவன் அதில் மோதுவான். கம்பத்தை எடுத்ததும் குழாய்க்கு மூடி போடுங்கள். இரண்டு மூடி கூடுதலாகச் செய்து வையுங்கள், கட்டாயம் தொலையும். கோடு போடச் சோக்குத் தூள் (சுண்ணக்கல் மா) மட்டும்தான். சுண்ணாம்பு வேண்டாம், நீற்றினதோ நீற்றாததோ கண்ணில் பட்டால் எரித்துவிடும். சோளகக் காலத்தில் தூளாகப் போடாமல் வெள்ளையடிக்கும் பதத்தில் கரைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் கோடு காற்றோடு போய்விடும். கோட்டின் அகலம் 12 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது.

காசு

“போன கிழமைதானே தம்பி உங்கடை ஆக்களுக்குக் குடுத்தனான்?” கடைக்காரருக்கு எந்த ஆக்கள் என்ற வித்தியாசம் இல்லை. மைதானத்துப் பெடியள் என்றால் ஒரே கூட்டம்தான். ஒரு கதவை ஆண்டுக்கு ஒரு தடவைதான் தட்ட வேண்டும், இரண்டு கழகமும் சேர்ந்து, ஒரே பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு. சேர்ந்ததைச் சரிபாதியாகப் பிரிக்காதீர்கள். முதலில் மைதானத்தின் பங்கு: மண், சோக்குத் தூள், புல் வெட்டுகூலி, மலசலகூடத் தண்ணீர். மிச்சத்தைப் பாதி. சரிபாதி என்று தொடங்குகிற ஊர்களில் புல் வெட்ட ஆள் இருக்காது, மற்றவன் வெட்டட்டும் என்று இரண்டு பேரும் காத்திருப்பார்கள்.

வெளிநாட்டு உறவுகளிடம் காசாகக் கேட்பதைவிடப் பொருளாகக் கேளுங்கள்: புல் வெட்டும் இயந்திரம், கோல் வலை ஒரு சோடி, கயிற்றுப் பாய். வாங்கின பற்றுச்சீட்டின் படம் ஒரு கிழமைக்குள் அவர்களுடைய வட்சப்புக்குப் போக வேண்டும். ஞாபகார்த்தக் கிண்ணங்களுக்கும் ஒரு பொதுப் பட்டியல் வையுங்கள். ஒரே அப்பாவின் பெயரில் இரண்டு கழகமும் கிண்ணம் கேட்டுப் பிள்ளைகளுக்குத் தொலைபேசி எடுத்தால், அடுத்த முறை இரண்டு பேருக்கும் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

நேரலை போடுவதென்றால் மணியைக் கணக்குப் பாருங்கள். இங்கே பின்னேரம் 4 மணி என்றால் கோடையில் லண்டனில் காலை 11.30, ரொறன்ரோவில் 6.30. லண்டன் பார்க்கும், கனடா நித்திரை. மின்னொளியில் இரவு 8 மணிக்கு வைத்தால் ரொறன்ரோவில் காலை 10.30. அனுசரணை எந்த நாட்டிலிருந்து வருகிறதோ அதைப் பார்த்து இறுதிப்போட்டி நேரத்தை வையுங்கள். மின்னொளி இல்லாவிட்டால் பொழுதைக் கவனியுங்கள். யூலையில் சூரியன் 6.30 வரை நிற்கும். ஒக்டோபர் தொடக்கத்தில் 6 மணிக்கே இறங்கிவிடும். 45 நிமிடப் பாதிகளும் இடைவேளையும் சில்லறைத் தாமதங்களும் சேர்ந்தால் இரண்டு மணித்தியாலம்.

வந்த சனத்தை மற்றவருக்கும் அனுப்புங்கள்

எங்கள் மட்ச்களின் உயிர் ஒலிபெருக்கி வர்ணனைதான். வேப்பமரத்துக்குக் கீழே மேசை போட்டு, ஒரு கையில் மைக், மறுகையில் கச்சான் சுருளோடு இருப்பவரிடம் மற்றக் கழகத்தின் அடுத்த தொடர் எப்போது தொடங்குகிறது என்று எழுதிக் கொடுங்கள். மூன்று தடவை சொல்ல வேண்டும்: தொடங்க 15 நிமிடத்துக்கு முன், இடைவேளையில், கடைசி விசிலுக்கு ஐந்து நிமிடத்துக்கு முன். விசில் அடித்த பிறகு சொன்னால் மோட்டார் சைக்கிள்கள் உறுமத் தொடங்கிவிடும், ஒருவருக்கும் கேளாது. சோளகக் காலத்தில் ஒலிபெருக்கியைத் தென்மேற்கு மூலையில் கட்டுங்கள். காற்று சத்தத்தைச் சனத்துக்குக் கொண்டுவரும். வடகிழக்கில் கட்டினால் சத்தம் அயல் ஊருக்குப் போகும்.

பெண்களும் வயதானவர்களும் வராத மட்ச் இரண்டு ஆண்டில் தேயும். நிழலில் ஐம்பது கதிரை, பூட்டுள்ள மலசலகூடம், தேத்தண்ணி. அவ்வளவு போதும். 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெடியளை ஒரு கழகத்துக்கு மட்டும் என்று கையெழுத்து வாங்காதீர்கள். தையில் துடுப்புப் பிடிப்பவன் வைகாசியில் பந்து உதைக்கட்டும், அவனோடு தகப்பனும் இரண்டுக்கும் வருவார். பார்வையாளர் கயிற்றைக் கோட்டிலிருந்து மூன்று மீற்றர் தள்ளிக் கட்டுங்கள். கோட்டு நடுவருக்குப் பக்கத்தில் நின்று காதுக்குள் கத்த முடியாவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

மூன்றாவதாக றக்பி வந்தால்

இலங்கையில் விளையாடப்படுவது பெரும்பாலும் 15 பேர் கொண்ட றக்பி யூனியனும் ஏழு பேர் ஆட்டமும்தான். 13 பேர் விளையாடும் லீக் வேறு ஆட்டம். அதில் ஆறு தடவை பிடிபட்டால் பந்து கைமாறும், எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் வைக்கும் ட்றைக்கு நாலு புள்ளி. யூனியனில் ட்றைக்கு ஐந்து. எதுவானாலும் உதைபந்தின் காலத்தைக் கேட்காதீர்கள், துடுப்பாட்டத்தினதையும் கேட்காதீர்கள். தையில் உதைபந்துக்காரருக்கு விட்ட அதே பாதியில் மிச்சமுள்ள பின்னேரங்களை எடுத்து, ஆளை விழுத்தாமல் தொட்டால் போதும் என்ற தொடுகை ஆட்டமாகத் தொடங்குங்கள். கம்பம் தேவையில்லை, நாலு கூம்பும் ஒரு பந்தும் போதும்.

ஆளைப் பிடித்து விழுத்தும் ஆட்டத்துக்குப் போகுமுன் நிலத்தைப் பாருங்கள். குடாநாட்டில் மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். பல இடங்களில் மண் ஒரு சாண்கூட இல்லை, பங்குனி பிறந்தால் மேலும் இறுகும். திருகாணி முறுக்கி ஒன்றைக் கையால் அழுத்திப் பாருங்கள், மைதானத்தில் ஐந்தாறு இடத்தில். ஒரு இடத்திலாவது ஐந்து சென்ரிமீற்றர் இறங்காவிட்டால் அன்றைக்குத் தொடுகை ஆட்டம் மட்டும்தான்.